ஏரித் தண்ணீரின் வயதைக் கணித்தல்: தென்பெண்ணைப் பாசன ஏரிகளில் மிதவையுயிரிகளை ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஓர் ஏரித் தண்ணீர் பச்சையாகிவிட்டால், "சாக்கடை கலந்துவிட்டது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். சில ஏரிகளில் அது உண்மைதான். ஆனால் சாக்கடையே சேராத ஏரி பங்குனி வெயிலில் பச்சைக் குழம்பாவதற்கும், அதே ஏரி ஐப்பசியில் செந்தண்ணீராகிப் பாசியின் சுவடே இல்லாமல் கிடப்பதற்கும் அந்த முடிவில் விளக்கம் கிடையாது. தண்ணீர் எப்போது வந்தது, எத்தனை நாள் நின்றது, எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்ற மூன்றையும் தெரிந்துகொண்டால், நிறத்தின் காரணம் பெரும்பாலும் விளங்கிவிடும். இந்த வழிகாட்டி, கல்லூரி மாணவர்களும் மீன் வளர்ப்போரும் ஏரியைத் தொடர்ந்து கவனிக்க விரும்பும் ஊர்க்காரர்களும் அந்த விளக்கத்தைத் தாங்களே கண்டறிவதற்காக எழுதப்படுகிறது.

நீரோட்டத்தை எதிர்த்து நீந்த வலுவின்றி, தண்ணீர் போகும் போக்கில் மிதந்து வாழும் உயிர்கள் அனைத்துக்கும் பிளாங்டன் என்ற பெயரை 1887இல் ஜெர்மானிய அறிவியலாளர் விக்டர் ஹென்சன் வைத்தார். தமிழில் மிதவையுயிரிகள் என்கிறோம். ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் பாசிகளும், கண்ணாடி போன்ற ஓடுள்ள நுண்பாசிகளான டயாட்டங்களும் தாவர மிதவையுயிரிகள். அவற்றைத் தின்னும் ரோட்டிஃபர்கள் என்ற மிகச் சிறிய நீர்விலங்குகளும், இறால் நண்டு வகையைச் சேர்ந்த நீர்த்தெள்ளுகளும் துடுப்புக்காலிகளும் விலங்கு மிதவையுயிரிகள்.

நம் ஏரியும் ஆற்று வெள்ளமும்

வெப்பமண்டல ஆறுகளின் வெள்ளச் சமவெளி ஏரிகளைப் பற்றிய அறிவில் பெரும்பங்கு அமேசான் பகுதியிலிருந்து வந்தது. பிரேசிலின் மனாவுஸ் நகரருகே ஆற்றின் மட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 மீட்டர் ஏறி இறங்குகிறது. ஏறும்போது கரையோர ஏரிகள் ஆற்றோடு ஒன்றாகின்றன, இறங்கும்போது தனித்தனிக் குளங்களாகப் பிரிகின்றன. இந்த ஏற்ற இறக்கமே அங்குள்ள உயிர்ச்சூழலை இயக்குகிறது என்ற "வெள்ளத் துடிப்பு" கோட்பாட்டை யுங்க், பெய்லி, ஸ்பார்க்ஸ் ஆகிய மூவரும் 1989இல் முன்வைத்தனர். இந்தியாவில் இதற்கு நெருங்கிய இணை, பிரம்மபுத்திராவை ஒட்டிய அசாமின் பீல் எனப்படும் ஏரிகள்.

தென்பெண்ணைக்கு அப்படிப்பட்ட அகன்ற வெள்ளச் சமவெளி நம் மாவட்டத்தில் இல்லை; பாறைத் தரையை அறுத்துக்கொண்டு ஓடும் ஆறு இது. ஆனால் இயற்கை செய்யாததை இங்கே மனிதர்கள் அணைக்கட்டும் வாய்க்காலும் வெட்டிச் செய்திருக்கிறார்கள். கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே நெடுங்கல் அணைக்கட்டில் திருப்பப்படும் ஆற்றுநீர் பாரூர் ஏரியை நிரப்புகிறது. ஆற்றில் வெள்ளம் வந்தால் ஏரி ஆற்றோடு இணைகிறது. வாய்க்கால் வறண்டால் துண்டிக்கப்படுகிறது. மிதவையுயிரியின் கண்ணோட்டத்தில், அமேசான் ஏரிக்கு நேர்வதும் பாரூர் ஏரிக்கு நேர்வதும் ஒரே வகையானவை. முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. அமேசானில் ஆண்டுக்கு ஒரே ஒரு பெரிய, முன்கூட்டியே கணிக்கக்கூடிய துடிப்பு. நமக்கோ தென்மேற்குப் பருவமழையிலும் வடகிழக்குப் பருவமழையிலும் பெங்களூருப் பக்கம் பெய்யும் திடீர் மழையிலும் சிறிதும் பெரிதுமாகப் பல துடிப்புகள். ஆகவே, "ஜனவரி மாதிரி", "பிப்ரவரி மாதிரி" என்று நாட்காட்டியை மட்டும் வைத்து மாதிரி எடுத்து அட்டவணை போடும் வழக்கம் இங்கே அதிகம் சொல்லாது. தண்ணீர் ஏரிக்கு வந்து எத்தனை நாளாகிறது என்னும் தண்ணீரின் வயதையே முதல் அளவாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. பல கல்லூரித் திட்ட அறிக்கைகள் பயனற்றுப் போவதும் இந்த ஒரு தகவல் அவற்றில் இல்லாததால்தான்.

முதல் படி: தண்ணீர்க் குறிப்பேடு

வலையைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். ஏரிக்கு வாய்க்காலில் தண்ணீர் வரத் தொடங்கிய நாள், நின்ற நாள், ஏரி நிரம்பிக் கோடி போன நாட்கள், மதகு திறந்த நாள், மூடிய நாள், மழை நாட்கள் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டியிடமும் மீன் குத்தகைக்காரரிடமும் பேசினால் கடந்த சில மாதங்களின் விவரம் கிடைத்துவிடும். கிருஷ்ணகிரி அணையின் முழு உயரம் 52 அடி. அதன் அன்றாட நீர்மட்டமும் நீர்வரத்தும் நாளிதழ்களில் வருவதால், ஆற்றில் வெள்ளம் எப்போது ஏறியது என்பதை அங்கிருந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, ஏரியில் தண்ணீர் சராசரியாக எத்தனை நாள் தங்குகிறது என்று கணக்கிடுங்கள். ஏரியில் இப்போதுள்ள தண்ணீர் 10 மில்லியன் கன அடி, மதகு வழியாக நொடிக்கு 10 கன அடி வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 86,400 நொடி. ஆக ஒரு நாளில் 0.864 மில்லியன் கன அடி வெளியேறும். 10ஐ 0.864ஆல் வகுத்தால் ஏறக்குறைய 11.6 நாள். இந்த எண்ணின் பொருள் பெரிது. சாதகமான சூழலில் சிறு பாசிகள் ஒரு நாளிலேயே இரட்டிப்பாகக்கூடியவை. ரோட்டிஃபர் நம் வெப்பத்தில் சில நாட்களில் அடுத்த தலைமுறையைக் கண்டுவிடும். நீர்த்தெள்ளுக்கு ஒரு வாரத்தை ஒட்டியும், துடுப்புக்காலிக்கு இரண்டு முதல் நான்கு வாரமும் பிடிக்கலாம். தண்ணீர் பதினோரு நாளில் வெளியேறிவிடும் ஏரியில் ரோட்டிஃபர் பெருகும், துடுப்புக்காலி பெருகுவதற்குள் மதகு வழியாக வயலுக்குப் போய்விடும். பெரிய விலங்கு மிதவையுயிரிகள் குறைவாக இருப்பதைக் கண்டவுடன் மாசு என்று எழுதிவிடாமல், முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாம் படி: கருவிகள்

வாங்க முடிந்தால், ரோட்டிஃபர் தப்பாத அளவுக்கு நுண்ணிய, 50 முதல் 60 மைக்ரோமீட்டர் கண் அளவுள்ள பிளாங்டன் வலையை வாங்குங்கள். இயலாதவர்கள் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவர்களிடம் சென்டிமீட்டருக்கு 120 இழை உள்ள நைலான் துணியைக் கேட்டுப் பெறலாம். அதன் கண் 50 மைக்ரோமீட்டரை ஒட்டியே இருக்கும். அதைக் கூம்பாகத் தைத்து, அடியில் ஒரு சிறு பிளாஸ்டிக் குப்பியைக் கட்டினால் வேலை முடிந்தது. தாவர மிதவையுயிரிகளுக்கு வலையே வேண்டாம். அவற்றில் பல இந்த வலைக்கண்ணிலும் நழுவிப்போகும் அளவு சிறியவை. அவற்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீரை அப்படியே பாட்டிலில் பிடிப்பதுதான் முறை.

தெளிவை அளக்க 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள செக்கித் தட்டு வேண்டும். பெயிண்ட் டப்பாவின் மூடியை நான்கு பாகமாக்கி மாற்றி மாற்றிக் கருப்பும் வெள்ளையும் அடித்து, நடுவில் எடையும் அளவு குறித்த கயிறும் கட்டினால் போதும். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் கூட்டி இரண்டால் வகுங்கள். பாசி வளரப் போதுமான ஒளி, தோராயமாக இந்த ஆழத்தைப்போல் இரண்டரை மடங்கு வரை இறங்கும். இவற்றோடு வெப்பமானி, பிஎச் அளக்கும் பட்டை அல்லது கருவி, 10 லிட்டர் வாளி, நுண்ணோக்கி. 40 மடங்கும் 100 மடங்கும் பெரிதாக்கினால் விலங்கு மிதவையுயிரிகளைப் பார்த்துவிடலாம். பாசிகளுக்கு 400 மடங்கு வேண்டும்.

மூன்றாம் படி: மாதிரி எடுத்தல்

எப்போதும் ஒரே நேரத்தில், காலை 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் எடுங்கள். துடுப்புக்காலிகளும் பெரிய நீர்த்தெள்ளுகளும் பகலில் ஆழத்துக்கு இறங்கி, இரவில் மேலே வரும் இயல்புடையவை. ஒரு நாள் காலையிலும் மறுமுறை நண்பகலிலும் எடுத்த மாதிரிகளை ஒப்பிட்டால், அந்தப் பயணத்தைத்தான் அளந்திருப்பீர்கள்.

கரையில் நின்று எடுப்பது எளிது, ஆனால் தவறான இடம். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தக் கரையில் நீலப்பச்சைப் பாசி ஆடையாக ஒதுங்கும். கோரையும் ஆகாயத்தாமரையும் உள்ள ஓரத்தில் செடியைப் பற்றி வாழும் லெக்கேன் போன்ற ரோட்டிஃபர்களே அதிகம் கிடைக்கும். மீன்பிடிப்போரின் பரிசலில் ஏறி நடு ஏரிக்குப் போவது நல்லது. குத்தகைக்காரரிடமும், அணையாக இருந்தால் நீர்வளத் துறையிடமும் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். ஏரிக்குள் இறங்கி நடக்கவே நடக்காதீர்கள்: வண்டல் மண் எடுத்த குழிகள் தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாது, முழங்கால் ஆழத்திலிருந்து அடுத்த அடியில் ஆளை மூழ்கடித்துவிடும்.

விலங்கு மிதவையுயிரிகளுக்கு, வாளியால் ஐந்து முறை மொண்டு 50 லிட்டர் தண்ணீரை வலையில் மெதுவாக ஊற்றுங்கள். சேறு கலந்த தண்ணீரில் வலைக்கண் அடைத்துக்கொண்டு வெளியே வழியும். அப்போது 20 லிட்டரோடு நிறுத்தி, அந்த அளவை எழுதிக்கொள்ளுங்கள். வலையின் வெளிப்புறத்தில் தண்ணீர் தெளித்து, உள்ளே ஒட்டியவற்றைக் குப்பிக்குள் இறக்குங்கள்.

நான்காம் படி: பதப்படுத்துதல்

நேரடியாக ஃபார்மலினில் போட்டால் ரோட்டிஃபர் சுருங்கி ஒரு உருண்டையாகிவிடும், அதன் இனத்தைச் சொல்ல முடியாது. அதற்கு முன் மயக்கம் கொடுக்க வேண்டும். இதற்குப் பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண சோடா போதும். பன்னீர் சோடாவோ இனிப்புச் சோடாவோ வேண்டாம். மாதிரியில் கொஞ்சம் சோடாவை ஊற்றிச் சில நிமிடம் காத்திருந்தால், கரியமில வாயுவால் அவை விரிந்த நிலையிலேயே அசைவற்றுப் போகும். அதன்பின் 96 மில்லிலிட்டர் மாதிரிக்கு 4 மில்லிலிட்டர் கடை ஃபார்மலின் சேருங்கள். கடையில் விற்பதே 37 முதல் 40 சதவீத ஃபார்மால்டிஹைடு கரைசல் என்பதால், "4 சதவீத ஃபார்மலின்" என்பதும் "4 சதவீத ஃபார்மால்டிஹைடு" என்பதும் வேறு வேறு. எதைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதி வையுங்கள். லிட்டருக்கு 40 கிராம் சர்க்கரை சேர்த்தால் நீர்த்தெள்ளின் ஓடு ஊதி முட்டைகள் வெளியே சிதறுவது தடுக்கப்படும். கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் இந்த வேலையைச் செய்யுங்கள்.

பாசி மாதிரிக்கு லூகோல் அயோடின் கரைசல். 200 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 20 கிராம் பொட்டாசியம் அயோடைடைக் கரைத்து, அதில் 10 கிராம் அயோடினைக் கரைத்து, 20 மில்லிலிட்டர் அடர் அசிட்டிக் அமிலம் சேர்த்தால் கரைசல் தயார். 100 மில்லிலிட்டர் தண்ணீருக்கு அரை மில்லிலிட்டர் அளவில், பால் ஊற்றாத இலேசான டீயின் நிறம் வரும்வரை விடுங்கள். அயோடின் செல்களைக் கனமாக்கி அடியில் படியவைக்கும்; இரண்டு நாள் அசையாமல் வைத்து, மேல் தண்ணீரைச் சிறு குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டால் அடியில் செறிவான மாதிரி மிஞ்சும்.

மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி மட்டும் இதற்குக் கட்டுப்படாமல் மேலேயே மிதக்கும். அதன் செல்லுக்குள் காற்றுப் பைகள் உண்டு. ஒரு 2 மில்லிலிட்டர் சிரிஞ்சில் அந்தப் பச்சைத் தண்ணீரை நிரப்பி, காற்றை வெளியேற்றி, முனையை இறுக அடைத்துக்கொண்டு பிஸ்டனை முழு பலத்தோடு அழுத்திப் பாருங்கள். பால் கலந்ததுபோல் மங்கலாக இருந்த பச்சை சட்டென்று கறுத்துத் தெளிந்த பச்சையாகும். சிறிது நேரத்தில் பாசி அடியில் இறங்கத் தொடங்கும். அழுத்தத்தில் காற்றுப் பைகள் நொறுங்கிவிட்டன. 1895இல் கிளேபான் என்பவர் பாட்டிலைக் கார்க்கால் அடைத்து, அந்தக் கார்க்கைச் சுத்தியால் அடித்து நிறுவியது இதைத்தான். பார்ப்பதற்கு மாணவர்கள் மிகவும் விரும்பும் சோதனை இது.

லேபிளைப் பென்சிலால் எழுதிப் பாட்டிலுக்கு உள்ளேயே போடுங்கள். ஒருமுறை ஜெல் பேனாவால் எழுதி வெளியே ஒட்டிய என் லேபிள்கள் பைக்கில் வரும்போது கசிந்த ஃபார்மலினில் கரைந்துபோய், ஒரு மாத உழைப்பு எந்த ஏரியினுடையது என்றே தெரியாத மூன்று பாட்டில்களாக மிஞ்சியது.

ஐந்தாம் படி: எண்ணுதல்

50 மில்லிமீட்டர் நீளம், 20 மில்லிமீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் ஆழம் கொண்ட செட்ஜ்விக் ராஃப்டர் கண்ணாடித் தட்டில் சரியாக ஒரு மில்லிலிட்டர் பிடிக்கும். வலைக்குப்பியில் சேர்ந்த மாதிரி 40 மில்லிலிட்டர், வடிகட்டிய தண்ணீர் 50 லிட்டர், தட்டில் எண்ணியவை 86 என்றால், 86ஐ 40ஆல் பெருக்கி 50ஆல் வகுக்க, லிட்டருக்கு ஏறக்குறைய 69 உயிரிகள். இருபத்தைந்து உயிரிகளை மட்டும் எண்ணி நிறுத்தினால் பிழை 40 சதவீதம் வரை போகும். நூறு எண்ணினால் 20 சதவீதம், நானூறு எண்ணினால் 10 சதவீதம். ஆகவே நூறுக்குக் குறையாமல் எண்ணுங்கள், ஒரு தட்டு போதாவிட்டால் இரண்டாவது தட்டையும் எண்ணுங்கள்.

இனம் வரை போக வேண்டும் என்று தொடக்கத்திலேயே தவிக்க வேண்டாம். பேரினம் வரை தெரிந்தாலே கதை பெரும்பாலும் புரியும். ரோட்டிஃபர்களில், முன்புறம் முட்கள் கொண்ட கிண்ணம் போலிருந்தால் பிராக்கியோனஸ். முதுகில் கட்டம் கட்டமாகக் கோடுகள் இருந்தால் கெரடெல்லா. துடுப்புக்காலிகளில், ஒற்றைச் சிவப்புக் கண்ணோடு, இரண்டு முட்டைப் பைகளைப் பக்கத்துக்கு ஒன்றாகச் சுமந்தால் சைக்ளோப்ஸ் குடும்பம். உடல் நீளத்துக்கு நிகரான உணர்கொம்புகளும் ஒரே முட்டைப் பையும் இருந்தால் டயாப்டோமஸ் குடும்பம். உருண்டை வயிற்றோடு துள்ளித் துள்ளிப் போவது மொய்னா என்னும் நீர்த்தெள்ளு. குளிர்நாட்டுப் பாடநூல்களில் பக்கம் பக்கமாக வரும் டாஃப்னியா என்னும் பெரிய நீர்த்தெள்ளைத் தேடி ஏமாற வேண்டாம். வெப்பமண்டல ஏரிகளில் அவை அரிது, சிறிய உடலுடையவையே ஆட்சி செய்கின்றன. வெப்பமும், ஆண்டு முழுதும் ஓயாமல் மேயும் மீன்களும் இதற்குக் காரணம்.

ஆறாம் படி: எண்ணிக்கையைத் தண்ணீரின் வயதோடு சேர்த்துப் படித்தல்

செந்தண்ணீர் வந்த முதல் சில நாட்களில் செக்கித் தட்டு ஒரு சாணுக்குள் மறைந்துவிடும். சத்துகள் ஏராளமாக வந்திருந்தாலும் ஒளி இல்லாததால் பாசி வளராது. ஆற்றோட்டத்தில் வரும் அவுலகோசைரா என்னும் சங்கிலி டயாட்டமும், கல்லில் ஒட்டியிருந்து அடித்துவரப்பட்ட டயாட்டங்களும், மணல் ஓடு கட்டிய டிஃப்ளூஜியா போன்ற அமீபாக்களும் கிடைக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவில் மழை கொட்டி ஏரிகள் நிரம்பி வழிந்தன. அப்படிப்பட்ட வெள்ளம் ஏரியிலிருந்த மிதவையுயிரிகளையெல்லாம் அடித்துச் சென்று, வயதுக் கணக்கைச் சுழியத்திலிருந்து தொடங்கவைக்கிறது.

சேறு படிந்ததும், அடுத்த ஒன்றிரண்டு வாரங்களில் சிறிய பச்சைப் பாசிகள் பெருகும். அவற்றைத் தின்று பிராக்கியோனஸ் திடீரென்று உயரும். மூன்று முதல் ஆறு வாரங்களில் மொய்னா, டயாஃபனோசோமா ஆகிய நீர்த்தெள்ளுகளும் துடுப்புக்காலிகளும் சேர்ந்து மேய்வதால், ஏரி சிலசமயம் கண்ணாடிபோல் தெளியும். இந்தக் கட்டத்தில்தான் மீன் கைவைக்கிறது. கட்லா மேல்மட்டத்தில் விலங்கு மிதவையுயிரிகளை வடிகட்டித் தின்னும். அமேசானில் தம்பாக்கி மீனின் குஞ்சுகள் செய்வதும் இதே வேலை. கட்லா குஞ்சு விட்ட ஏரியில் பெரிய உயிரிகள் மறைந்து ரோட்டிஃபர் மட்டும் மிஞ்சினால், அது நோயல்ல, மேய்ச்சல். மேய்வோர் குறைந்ததும் பாசி மறுபடி தலைதூக்கும்.

தை பிறந்து வரத்து நின்று மதகுத் தண்ணீரும் வெயிலும் ஏரியைக் குறைக்கத் தொடங்கினால், மீதித் தண்ணீரில் சத்தும் உயிரும் செறிவடைகின்றன. ஏரி ஒதுங்கி நின்று, வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும்போது மைக்ரோசிஸ்டிஸ் ஓங்கும். பகலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பிஎச் 9ஐயும் தாண்டலாம். இரவில் எல்லா உயிரும் மூச்சுவிடுவதால் விடியற்காலையில் ஆக்சிஜன் தரைமட்டமாகும். விடிவதற்கு முன் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால், அதைத் திடீரென்று வந்த கேடாகப் பார்க்காமல் முந்தைய நாள் மாலையின் பச்சையோடு சேர்த்துப் பாருங்கள். மைக்ரோசிஸ்டிஸின் சில வகைகள் கல்லீரலைத் தாக்கும் நச்சை உண்டாக்கும் என்பதால், பாசி ஆடை படிந்த கரையில் ஆடுமாடுகளைத் தண்ணீர் குடிக்க விடக்கூடாது. முழங்கால் ஆழத்துக்கு வற்றிய ஏரியில் கதை மறுபடி மாறும்: ஆடிக் காற்று அடியிலுள்ள சேற்றைக் கிளறும், ஜிலேபி மீன்கள் குழி தோண்டிக் கலக்கும். ஒளி குறைந்து பாசி தளரும், கனத்தால் அமிழும் இயல்புள்ள அவுலகோசைரா அந்தக் கலக்கலில் மிதந்து மீண்டும் தோன்றும். வெள்ளமில்லாமலே செந்தண்ணீர்க் கட்டத்தின் சாயல் வந்துவிடுவதால், குறிப்பேடு இல்லாதவர் இங்கே ஏமாந்துபோவார்.

பெங்களூருக் கழிவுநீர் கலந்து வரும் தென்பெண்ணையில், ஓசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் பலமுறை செய்திகளில் பார்த்திருப்போம். அத்தகைய நீரில் யூக்ளினா என்னும் ஒற்றைச் செல் உயிரியும், கழிவைத் தாங்கும் சில ரோட்டிஃபர் இனங்களும் அளவுக்கு மீறி மிகுந்து, இன வகை குறையும். வயது, மீன், காற்று மூன்றையும் கழித்துவிட்ட பிறகும் இந்த வடிவம் நீடித்தால்தான் மாசு என்ற சொல்லை எழுத வேண்டும். அந்தத் தண்ணீரில் வெறுங்கையை விடாதீர்கள்.

ஏழாம் படி: வறண்ட மண்ணுக்குள் தேடுதல்

கோடையில் ஏரி வறண்டுவிட்டால் ஆய்வு நின்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். ரோட்டிஃபரும் நீர்த்தெள்ளும் தண்ணீர் குறையும்போது தடித்த ஓடுள்ள உறங்குமுட்டைகளை இடுகின்றன. நீர்த்தெள்ளின் முட்டை குதிரைச் சேணம் போன்ற கரும்பழுப்பு உறையில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவில், வெடித்த மண்ணில் கிடக்கும். அடுத்த வெள்ளத்தில் ஏரி அவ்வளவு விரைவில் உயிர் பெறுவதற்கு ஆற்றிலிருந்து வருபவை மட்டும் காரணமல்ல, இந்த மண்ணும்தான்.

ஏரியின் நடுப்பகுதியிலிருந்து மேல் மண் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி, 200 கிராம் எடுத்து, 5 லிட்டர் அகன்ற ஜாடியில் இட்டுக் காய்ச்சி ஆறிய மழைத்தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பக்கத்திலேயே மண் இல்லாமல் அதே தண்ணீரை மட்டும் ஊற்றிய இன்னொரு ஜாடியை வையுங்கள். இரண்டின் வாயையும் வெள்ளைத் துணியால் கட்டி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்துவிடுங்கள். இரண்டாம் நாளிலிருந்து தினமும் ஒரு கரண்டித் தண்ணீரை எடுத்துப் பாருங்கள். முதலில் ஒற்றைச் செல் உயிர்களும், பிறகு ரோட்டிஃபரும், ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் மொய்னாவும் வந்து சேரும். மண் இல்லாத ஜாடி வெறுமையாக இருந்தால், இவை காற்றில் வந்தவை அல்ல, உங்கள் ஏரி மண்ணில் உறங்கியவை. மிச்ச மண்ணை நிழலில் உலர்த்திக் காகிதப் பையில் போட்டு, ஏரியின் பெயரையும் கடைசித் தண்ணீர் வற்றிய நாளையும் பென்சிலால் எழுதி, அந்தச் சீட்டையும் பைக்குள்ளேயே போட்டு வையுங்கள்.